கடற்கரையில் கீதை: கேள்வி பதில்

இராமநாதபுரம் கடலோர ஊர்களில் கீதை பற்றிப் பேசப் போகும்போது, கேள்விகளைச் சீட்டில் எழுதிக் கொடுக்கச் சொல்வது என் வழக்கம். வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறவர்களும் தாளில் தயங்காமல் கேட்டுவிடுகிறார்கள். அப்படி வந்தவற்றில் சில, என் பதில்களுடன்.

பாம்பன், நாட்டுப்படகு மீனவர்: பலனை எதிர்பார்க்காதே என்கிறது கீதை. டீசல், ஐஸ், ஆள் செலவு எல்லாம் போட்டுக் கடலுக்குப் போகிறவன் மீனை எதிர்பார்க்காமல் எப்படிப் போவான் ஐயா?

மீனை மறந்துவிட்டு வலை போடு என்று கீதை சொல்லவில்லை, தம்பி. இரண்டாம் அத்தியாயத்தின் 47ஆம் சுலோகத்தை எல்லோருமாகச் சேர்ந்து இப்படிச் சுருக்கிவிட்டோம். அதில் நான்கு பேச்சு இருக்கிறது. செயலில்தான் உனக்கு அதிகாரம். பலனில் ஒருபோதும் இல்லை. பலனுக்கு நானே காரணம் என்று ஆகிவிடாதே. சும்மா இருப்பதிலும் பற்று வைக்காதே. மேடையில் பேசுகிறவர்கள் முதல் இரண்டோடு எழுந்து போய்விடுகிறார்கள். உங்களுக்கு வேண்டியவை மற்ற இரண்டும்தான்.

மூன்றாவதைப் ‘பலனுக்காக மட்டுமே செய்கிறவனாக ஆகாதே’ என்றும் சொல்வதுண்டு. நான் முதலில் சொன்ன பொருளையே பிடித்துக்கொள்கிறேன். பதினெட்டாம் அத்தியாயம் அதற்குக் கை கொடுக்கிறது. ஒரு காரியம் நடப்பதற்கு இடம், செய்கிறவன், கருவிகள், பலவகை முயற்சிகள், தெய்வம் என்று ஐந்து காரணங்களை அங்கே கண்ணன் அடுக்குகிறான். இடம் என்றால் உடல் என்று உரைகாரர்கள் சொல்வார்கள். படகுக்காரருக்கு அது வலை இறக்கும் இடமாகவே இருக்கட்டும். எங்கே இறக்குவது, யார் இறக்குவது, வலையும் எஞ்சினும் எந்த நிலையில் இருக்கின்றன, எவ்வளவு பாடுபட்டோம் என்ற நான்கும் உங்கள் கைக்கு எட்டியவை. இவற்றில் குறை வைத்துவிட்டு ‘எல்லாம் அவன் செயல்’ என்று சொல்ல கீதையில் இடமில்லை. நீரோட்டம், கச்சான் காற்று, அன்றைய ஏலத்தில் விழும் விலை எல்லாம் ஐந்தாவதைச் சேர்ந்தவை. வலை நிறைந்த நாளில் மார்தட்டுவதும், வெறும் வலையோடு திரும்பிய நாளில் வீட்டில் இருப்பவர்கள் மேல் பாய்வதும் இந்த ஐந்தாவதை மறந்துவிடுவதால்தான். தான் ஒருவனே எல்லாம் செய்கிறேன் என்று நினைக்கிறவனுக்குப் பார்வை சரியில்லை என்று அடுத்த இரண்டு சுலோகத்துக்குள் அதட்டலே வருகிறது.

சும்மா இருப்பதில் பற்று வைக்காதே என்ற நான்காவது பேச்சுக்கு விசைப்படகுக்காரர்களைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம். கடலுக்குப் போகக் கூடாதே தவிர, வலை பொத்துவதும் பலகை மாற்றுவதும் அப்போதுதான் நடக்கின்றன.

மண்டபம், மளிகைக் கடைக்காரர்: ‘எது நடந்ததோ, அது நன்றாகவே நடந்தது’ என்ற கீதாசாரப் படம் எங்கள் கடையில் மாட்டியிருக்கிறது. அது எத்தனையாவது அத்தியாயம்?

எந்த அத்தியாயமும் இல்லை. 18 அத்தியாயங்கள், 700 சுலோகங்கள். எங்கே புரட்டினாலும் கிடைக்காது. எனக்கு அந்த வாசகத்தின் மேல் கொஞ்சம் கோபமே உண்டு. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவளிடம் போய் ‘நன்றாகவே நடந்தது’ என்று யாரால் சொல்ல முடியும்? கண்ணனும் சொல்லவில்லை. வில்லைப் போட்டுவிட்டுத் தேர்த்தட்டில் உட்கார்ந்துவிட்டவனிடம், ‘இந்த நேரத்தில் இந்தச் சோர்வு உனக்கு எங்கிருந்து வந்தது? எழுந்திரு’ என்றுதான் பேச்சைத் தொடங்குகிறான். நடந்ததெல்லாம் நன்மைக்கே என்றால் எழுந்திருக்கச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லையே. படம் இருக்கட்டும், கழற்ற வேண்டாம். கீதை என்று மட்டும் யாருக்கும் சொல்லாதீர்கள்.

இராமேசுவரம், பெயர் எழுதாத ஒருவர்: உயிருக்கு அழிவில்லை என்றால், அமாவாசை தோறும் அக்கினி தீர்த்தத்தில் எள்ளும் தண்ணீரும் விடுவது எதற்கு?

பழைய ஆடையைக் கழற்றிவிட்டுப் புதியதை உடுத்துவது போல உயிர் உடலை மாற்றிக்கொள்கிறது என்று இரண்டாம் அத்தியாயம் சொல்வது உண்மை. பிண்டமும் நீரும் கிடைக்காமல் முன்னோர்கள் விழுந்துபோவார்களே என்ற பேச்சும் முதல் அத்தியாயத்தில் வருகிறது. ஆனால் அது அர்ஜுனனின் புலம்பல். கண்ணனின் உபதேசமாக அதை எடுத்துக்கொள்ள முடியாது. கண்ணன் தன் வாயால் சொல்வது கடைசி அத்தியாயத்தில்தான்: வேள்வி, தானம், தவம் ஆகியவற்றை விட்டுவிடக் கூடாது, பற்றும் பலன் ஆசையும் இல்லாமல் செய்ய வேண்டும். தர்ப்பணத்தையும் நான் அந்த வரிசையில் வைக்கிறேன். தாய் தந்தையை நினைத்து நிறைவாகச் செய்யுங்கள். செய்யாவிட்டால் என்ன கேடு வருமோ என்று பயந்து, வட்டிக்கு வாங்கிச் செய்ய வேண்டாம்.

சின்னப்பாலம், பாசி எடுக்கும் பெண்: சமஸ்கிருதம் எனக்கு வாயில் நுழையாது. நான் கீதை படிக்கலாமா?

தங்கச்சிமடம், கல்லூரி மாணவர்: நான்கு வருணங்களை நானே படைத்தேன் என்று சொல்லும் நூலை எல்லோருக்கும் பொது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

இரண்டு சீட்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன். தாராளமாகப் படியுங்கள், அம்மா, தமிழிலேயே படியுங்கள். இலையோ பூவோ பழமோ தண்ணீரோ, அன்போடு கொடுத்தால் ஏற்றுக்கொள்கிறேன் என்று ஒன்பதாம் அத்தியாயத்தில் சொன்னவன், உச்சரிப்பைப் பார்த்துத் தள்ளிவைக்க மாட்டான்.

தம்பியின் கேள்வியை மழுப்ப நான் தயாரில்லை. அதே ஒன்பதாம் அத்தியாயத்தில், பெண்களும் வைசியரும் சூத்திரரும்கூட உயர்ந்த கதியை அடைவார்கள் என்று வருகிறது. அந்தக் ‘கூட’ உறுத்தத்தான் செய்கிறது. அக்காலத்து ஏணிப்படி அதில் தெரிகிறது. நீ சொன்ன சுலோகம் குணத்தையும் தொழிலையும் வைத்துப் பிரித்ததாகச் சொல்கிறது, பிறப்பு என்ற சொல் அதில் இல்லை. ஆனாலும் பழைய உரைகள் பிறப்போடு சேர்த்துத்தான் அதைப் படித்தன, ஊரும் அப்படித்தான் நடந்துகொண்டது. இதை மறைத்துவிட்டுக் கீதையைப் புகழ்வதில் எனக்கு விருப்பமில்லை. ஐந்தாம் அத்தியாயத்தின் 18ஆம் சுலோகத்தையும் எடுத்துப் பார். கற்ற அந்தணன், பசு, யானை, நாய், நாயைத் தின்பவன் என்று ஒதுக்கப்பட்டவன் என எல்லோரிடத்தும் சமமாகப் பார்க்கிறவனே அறிஞன் என்கிறது. ஒன்றை வைத்து மற்றொன்றை உரசிப் பார்க்கும் உரிமை உனக்கு இருக்கிறது.

கீழக்கரை, பள்ளி ஆசிரியர்: ஒருவன் சண்டை வேண்டாம் என்கிறான், கடவுள் சண்டை போடு என்கிறார். இது எப்படி அறநூல் ஆகும்?

அர்ஜுனன் அதற்கு முன் எத்தனையோ போரில் அம்பு விட்டவன். அன்று அவன் கை நடுங்கியது கொலைக்காக அல்ல, எதிரே நின்றவர்கள் பாட்டனும் குருவும் பங்காளிகளும் என்பதற்காக. என் ஆட்கள் என்றால் ஒரு நியாயம், பிறர் என்றால் ஒரு நியாயமா என்பதுதான் அங்கே வழக்கு. மாண்டலே சிறையில் இருந்து கீதைக்கு விளக்கம் எழுதிய திலகர் அதைச் செயலுக்கான அழைப்பாகப் படித்தார். காந்தி மனத்துக்குள் நடக்கும் போராகப் படித்து அகிம்சைக்கு அதையே துணையாக்கிக்கொண்டார். எல்லாம் சொல்லி முடித்தபின் கண்ணன், ‘இதை முழுதும் ஆராய்ந்து, உனக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படிச் செய்’ என்கிறான். கட்டளையாக இருந்தால் இந்த வரி வந்திருக்காது.

தொண்டி: மீன் சாப்பிடுகிறவர்கள் கீதையைத் தொடலாமா?

தொடலாம். பதினேழாம் அத்தியாயம் உணவைச் சுவையையும் விளைவையும் வைத்துப் பிரிக்கிறது. மீன் என்று பெயர் சொல்லி விலக்கவில்லை. உப்பும் காரமும் அளவு மீறினால் ராஜசம், அதாவது ஆசையும் வேகமும் மிகுந்த குணத்துக்கு உரிய உணவு என்கிறது. கருவாட்டுக் குழம்பை என்ன செய்வது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

தேவிபட்டினம், பிளஸ் டூ மாணவி: படிக்க உட்கார்ந்தால் மனம் கைப்பேசிக்கே போகிறது.

மேய்ந்து திரியும் புலன்களின் பின்னால் மனம் போனால், தண்ணீரில் படகைக் காற்று அடித்துக்கொண்டு போவது போல அறிவை அது கொண்டுபோய்விடும் என்கிறது இரண்டாம் அத்தியாயம். நங்கூரம் அறுந்த வத்தைப் படகை வாடைக் காற்றில் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். காற்றைக் கட்டுவது போல இது முடியாத காரியம் என்று அர்ஜுனனும் கையை விரிக்கிறான். கண்ணன் மறுக்கவில்லை. பழக்கத்தாலும் பற்றை விடுவதாலும் முடியும் என்கிறான். கைப்பேசியை அடுத்த அறையில் வை மகளே, பழக்கம் அங்கே தொடங்கட்டும்.

திருப்புல்லாணி, கோயிலுக்குத் தினமும் போகிறவர்: ‘எல்லாத் தர்மங்களையும் விட்டுவிட்டு என்னையே சரணடை’ என்று கடைசியில் வருகிறதே. அப்படியானால் கடமையை விட்டுவிடலாமா?

உங்கள் ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? கடலரசனிடம் வழி கேட்டு இராமன் தர்ப்பைப் புல்லில் மூன்று நாள் கிடந்த தலம் அது. கடல் அசையவில்லை என்றதும் அவன் வில்லை எடுத்தான். சரணடைந்த விபீடணனும் பூசை செய்துகொண்டு ஓரமாக உட்கார்ந்துவிடவில்லை. இலங்கைப் போரில் கூடவே நின்றான். கீதையிலும் அதுதான் நடக்கிறது. நீங்கள் கேட்டது பதினெட்டாம் அத்தியாயத்தின் 66ஆவது சுலோகம், சரம சுலோகம் என்பார்கள். அடுத்து ஏழாவது சுலோகத்தில் அர்ஜுனன் வாய் திறக்கிறான்: ‘மயக்கம் தீர்ந்தது, நீ சொன்னபடி செய்கிறேன்.’ சரணாகதிக்குப் பிறகுதான் அவனுக்குப் பதினெட்டு நாள் வேலையே இருக்கிறது.

உச்சிப்புளி: எங்கிருந்து தொடங்குவது?

பாரதியாரின் தமிழாக்கம் எளிய உரைநடை, முன்னுரையையும் விடாமல் படியுங்கள். இரண்டாம் அத்தியாயம் முதலில், பிறகு இருபதே சுலோகங்கள் உள்ள பன்னிரண்டாவது. முதல் அத்தியாயம் வெறும் பெயர்ப் பட்டியல் என்று பலர் தாண்டிவிடுகிறார்கள், அர்ஜுனன் அழுவது அதில்தான். சங்கு குளிக்கும் ஊர்க்காரர்களுக்கு அதில் இன்னொரு சுவையும் உண்டு. கண்ணனுக்குப் பாஞ்சசன்யம், அர்ஜுனனுக்குத் தேவதத்தம், பீமனுக்குப் பௌண்டரம், தருமனுக்கு அனந்தவிஜயம், நகுலனுக்குச் சுகோஷம், சகாதேவனுக்கு மணிபுஷ்பகம் என்று ஆளுக்கொரு சங்கு பெயரோடு வருகிறது. பீஷ்மரும் ஊதுகிறார், அவர் சங்குக்குப் பெயர் சொல்லப்படவில்லை. எது வலம்புரி, எது இடம்புரி என்றும் கீதை சொல்லவில்லை.