கிளிக்கூண்டைக் கூட்டாதீர்கள், துடையுங்கள்

கிளியிடமிருந்து மனிதருக்குத் தொற்றுகிற கிளிக்காய்ச்சல் பற்றிப் போன வாரம் ஒரு வரிதான் எழுதினேன். கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. மலையகத்தில் பல வருடம் கால்நடை வைத்தியராக இருந்தவன் நான்; மனிதருக்கு மருந்து எழுதுகிறவன் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஹட்டனிலிருந்து: எங்கள் கிளி நன்றாகச் சாப்பிடுகிறது, பேசுகிறது. அதிலிருந்தா நோய் வரும், ஐயா?

வரலாம் தங்கச்சி. 'கிளமிடியா சிட்டாசி' என்ற பக்டீரியாதான் காரணம். அதைச் சுமக்கிற பறவை வெளிப்பார்வைக்குச் சுகமாகவே இருக்கலாம். இடம் மாற்றினாலோ, குளிர் தாக்கினாலோ, கூண்டு நெரிசலானாலோ எச்சத்தில் கிருமி அதிகம் வெளியேறும். கிளிக்கு மட்டுமில்லை, புறாவுக்கும் இருக்கும். 1929-30இல் தென் அமெரிக்காவிலிருந்து போன கிளிகளால் பல நாடுகளில் இது பரவி, அமெரிக்கா கிளி இறக்குமதிக்கே தடை போட்டது.

லிந்துலையிலிருந்து: கூண்டைக் கழுவினால் போதாதா? வேறென்ன செய்ய?

இதுதான் முக்கியமான கேள்வி. எச்சம் காய்ந்து தூளாகி மூச்சோடு போவதுதான் ஆபத்து. நம் பக்கத்தில் பனி, குளிர் என்று கூண்டைக் காம்பராவுக்குள்ளேயே, சில வேளை அடுப்பங்கரையிலேயே தொங்கவிடுகிறோம். ஜன்னலும் சாத்தியிருக்கும். காலையில் ஈர்க்குமாறால் தட்டைத் தட்டினால் அந்தத் தூள் போக வழி ஏது? நானே பல வருடம் அப்படித் தட்டியவன்தான், வெட்கத்தோடு சொல்கிறேன்.

இனி இப்படிச் செய்யுங்கள். கூண்டை வெளியே இஸ்தோப்புக்குக் கொண்டுவாருங்கள். முதலில் சவர்க்காரத் தண்ணீரைத் தெளித்து எச்சத்தை நன்றாக ஊறவிடுங்கள். ஊறியதும் ஈரத்துணியால் வழித்து, பையில் கட்டிப் போடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், முகக்கவசம் என்றால் என்95 வகை, சாதாரணத் துணி தூளை நிறுத்தாது. தட்டில் பழைய பத்திரிகைத் தாளை விரித்து தினமும் மாற்றினால் பாதி வேலை மிச்சம். பிள்ளைகள் கிளிக்கு முத்தம் கொடுப்பதையும், வாயிலிருந்து பழம் ஊட்டுவதையும் நிறுத்துங்கள்.

தலவாக்கலையிலிருந்து: மூன்று நாளாகக் காய்ச்சல், தலையிடி, வறட்டு இருமல். வீட்டில் கிளி இருக்கிறது. அதுதானா?

நான் எப்படிச் சொல்வேன் தம்பி? டெங்கு, எலிக்காய்ச்சல் எல்லாம் இதே முகத்தோடுதான் தொடங்கும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டெங்கு இல்லை என்று தெரியும்வரை அஸ்பிரின், ஐபுபுரோஃபன் தொடாதீர்கள். டொக்டர் கேட்காவிட்டாலும் "வீட்டில் கிளி இருக்கிறது" என்று நீங்களே சொல்லுங்கள். கிருமி பட்டு பெரும்பாலும் 5 முதல் 14 நாளுக்குள் காய்ச்சல் வரும். வழக்கமாகக் கொடுக்கிற அமொக்சிசிலின் இதற்குச் சரிவராது; டொக்சிசைக்ளின் நன்றாகக் கேட்கும். கர்ப்பிணிகளுக்கு அதற்குப் பதில் வேறு மருந்து கொடுப்பார்கள்.

பண்டாரவளையிலிருந்து: என் வீட்டுக்காரருக்குக் கிளிக்காய்ச்சல் வந்தால் எனக்கும் தொற்றுமா?

மிக அரிது. பயப்படாமல் பக்கத்தில் இருந்து பாருங்கள்.

பதுளையிலிருந்து: பறவைக்காய்ச்சல் என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா? கோழி சாப்பிடலாமா?

இல்லை. அது வைரஸ், 1997இல் ஹொங்கொங்கில் எச்5என்1 என்ற பறவைக்காய்ச்சல் வைரஸ் தொற்றிய 18 பேரில் 6 பேர் இறந்தார்கள். நன்றாக வெந்த இறைச்சியும் முட்டையும் சாப்பிடலாம். கோழிகள் கூட்டமாகச் செத்தால் தொடாமல் கால்நடை வைத்தியருக்குச் சொல்லுங்கள். செத்த கோழியைக் கறிக்கு உரிப்பது நம்மிடம் இருக்கிற கெட்ட பழக்கம்.

கொட்டகலையிலிருந்து: பயமாக இருக்கிறது. கிளியைக் காட்டில் விட்டுவிடட்டுமா?

வேண்டாம். கையில் வளர்ந்தது இரை தேடத் தெரியாமல் செத்துப்போகும், நோய் இருந்தால் மற்றப் பறவைக்கும் கொடுக்கும். கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள். நோய் என்றால் பறவைக்கும் டொக்சிசைக்ளின்தான், வழக்கமாக 45 நாள். அவ்வளவு நாளும் கூண்டில் கணவாய் ஓடு வைக்காதீர்கள். அதிலுள்ள கல்சியம் மருந்தை உடம்பில் சேரவிடாது.