ராகி, சோளம் போடற நிலத்துலயே பயறு வகையும் சேர்த்து விதைச்சா மகசூல் குறையாதா? தனித்தனியா போடறதுதானே லாபம்?

உங்க கேள்வியைப் படிச்சதுமே தோணுச்சு, உங்க வீட்டுல பெரியவங்க யாரோ கலந்துதான் விதைக்கணும்னு நிக்கறாங்க, நீங்களோ உங்க அண்ணன் தம்பியோ ஒரே பயிரா போட்டா மெஷினை விட்டு அறுத்துட்டுப் போயிடலாமேன்னு சொல்லிட்டு இருக்கீங்க. எங்க வீட்டுலயும் இதே சண்டைதான் நடந்துச்சு, அதனாலதான் எழுதறேன். நான் அக்ரி படிச்சவ இல்ல, ஓசூர்ல ஒரு கம்பெனில கணக்கு பாக்கறேன். ஆனா தளி பக்கம் எங்க மானாவாரி நிலத்துல அம்மா செய்யறதை சின்ன வயசுலேர்ந்து கூடவே நின்னு பாத்திருக்கேன், களை எடுத்திருக்கேன், கதிர் அறுத்திருக்கேன்.

நேர் பதில் வேணும்னா, ராகியை மட்டும் அளந்து பாத்தா கொஞ்சம் குறையும். குறையவே குறையாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஆனா மொத்த நிலத்துக்கும் கணக்கு போட்டா கூடும். உதாரணத்துக்கு, தனியா போட்டா ஏக்கருக்கு பத்து மூட்டை ராகி வர்ற நிலம், தனித் துவரைன்னா அஞ்சு மூட்டை வரும்னு வச்சுக்கோங்க. சேர்த்துப் போட்டப்போ ஒம்பது மூட்டை ராகியும் ரெண்டு மூட்டை துவரையும் வந்துச்சுன்னா, அதையே தனித்தனியா எடுக்க ராகிக்கு முக்கால் ஏக்கருக்கு மேல (0.9), துவரைக்கு 0.4, ஆக 1.3 ஏக்கர் வேணும். ஒரு ஏக்கர்ல 1.3 ஏக்கர் வேலை நடந்திருக்கு. இதைத்தான் ஆராய்ச்சிக்காரங்க எல்இஆர்னு சொல்லி அளக்கறாங்க, ஒண்ணுக்கு மேல வந்தா சேர்த்துப் போட்டதுல லாபம்னு அர்த்தம்.

எங்கம்மா எல்லாத்தையும் ஒண்ணா கலந்து வீசறவங்க இல்ல. ஆடியில உழுது ராகியை விதைச்சுட்டு, எட்டு வரிசைக்கு ஒரு சால் விட்டு அதுல துவரையும் அவரையும் போடுவாங்க, ஓரத்துல ஆமணக்கு, கொஞ்சம் கடுகு. பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகமும் கிட்டத்தட்ட இப்படித்தான், ராகி எட்டு வரிசை, துவரை ரெண்டு வரிசைன்னு சிபாரிசு பண்ணுது, அதை நான் பின்னாடிதான் தெரிஞ்சுகிட்டேன். அம்மா அது எதையும் படிச்சதில்ல, அவங்க மாமியார் போட்டதைப் பாத்துப் போடறாங்க.

இதுல விஷயம் என்னன்னா நேரம். துவரை முதல் ரெண்டு மாசம் ரொம்ப மெதுவாத்தான் வளரும், அந்த நேரத்துல ராகி நல்லா தூர் கட்டி எழுந்துடும். கார்த்திகை வாக்குல ராகியை அறுத்துட்டா நிலம் மொத்தமும் துவரைக்கும் அவரைக்கும்தான், அப்பத்தான் ரெண்டும் பக்கக்கிளை விட்டுப் படரும். எங்க நாட்டு அவரை பகல் பொழுது குறைஞ்சு பனி இறங்கினாத்தான் பூக்கும், மார்கழியில காய்க்கும், அந்தக் காய்க்கு பெங்களூர்ல மேளாவே நடத்தறாங்கன்னா பாத்துக்கோங்க. துவரை தை, மாசி வரைக்கும் நிக்கும். ராகி வேர் மேலாப்புல, துவரை ஆணிவேர் ஆழத்துல. ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்பிடறதில்ல. இப்படி நேரமும் ஆழமும் வேற வேறயா இல்லாத ஜோடியைப் போட்டா அடிதான் வாங்குவீங்க, நெருக்கமா நட்ட மக்காச்சோளத்துக்கு நடுவுல உளுந்து போட்டா நிழல்லயே வெளுத்துப் போயிடும். அங்க மக்காச்சோளத்தை ரெண்டு ரெண்டு வரிசையா நெருக்கி நட்டு (இணை வரிசை), நடுவுல விட்ட இடைவெளியில உளுந்து போடணும்.

பயறு தழைச்சத்து குடுக்கும்னு எல்லாரும் சொல்றாங்களே, அது உண்மைதான், ஆனா சொல்ற மாதிரி இல்ல. வேர் முடிச்சுல இருக்கற ரைசோபியம்ங்கற பாக்டீரியா காத்துலேர்ந்து தழைச்சத்தை எடுத்து அந்தச் செடிக்குக் குடுக்குது, பக்கத்துல இருக்கற ராகிக்கு அந்தப் போகத்துலயே பெருசா எதுவும் போயிடாது. ராகிக்கு என்ன லாபம்னா, மண்ணுல இருக்கற தழைச்சத்துக்கு துவரை போட்டி போடறது குறைவு. அப்புறம் உதிர்ற இலையும் மக்கற வேரும் அடுத்த வருஷ பயிருக்குத்தான் உதவும். பூக்கற சமயத்துல ஒரு செடியைப் பிடுங்கி முடிச்சை நகத்தால கிள்ளிப் பாருங்க, உள்ள சிவப்பா இருந்தா வேலை செய்யுது, வெளுத்தோ பச்சையாவோ இருந்தா சும்மா இருக்குது. அப்படி சும்மா இருந்தா அடுத்த வருஷம் ஆறின அரிசிக் கஞ்சியில ரைசோபியத்தைக் கலந்து விதையில பூசி நிழல்ல உலர்த்தி விதைங்க. உடனே யூரியாவுக்கு எதிரின்னு என்னை நினைச்சுக்காதீங்க, நாங்களும் ராகிக்கு மேலுரம் போடறவங்கதான்.

சண்டையைச் சொல்ல வந்தேன். 2016. சித்தப்பா பையன் அவங்க பாகத்துல தனி ராகியா போட்டுட்டு, "பெரியம்மா, இப்படிக் கலந்து போட்டா என்னிக்கு முன்னேறறது"ன்னு களத்து மேட்டுல எல்லார் முன்னாடியும் கேட்டான். அம்மா "ராகி வெளையலைன்னா நீ வந்து பருப்பு குடுப்பியாடா"ன்னு மட்டும் சொன்னாங்க. அந்த வருஷம் தமிழ்நாட்டுல வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைவு, உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். கதிர் வாங்கற நேரத்துல மண்ணுல ஈரமே இல்ல. ரெண்டு பாகத்துலயும் ராகி பாதிக்கு மேல பதர், மாட்டுக்குப் புல்லு கிடைச்சதுதான் மிச்சம். எங்க துவரை மட்டும் வாடி வாடி நின்னு, மாசியில வழக்கத்துல பாதி குடுத்துச்சு. அதை நாங்க விக்கலை, வித்திருந்தாலும் ஒண்ணும் வந்திருக்காது, 2015-ல கிலோ 200 ரூபா வரைக்கும் வித்த துவரம்பருப்பு அடுத்த ரெண்டு வருஷத்துல அப்படி விழுந்துச்சு. அம்மா செம்மண் கட்டி, காய வச்சு, திருகையில உடைச்சு வச்சாங்க. வருஷம் முழுக்க அந்தப் பருப்புதான், தம்பி வீட்டுக்கும் சேர்த்து. துவரைமாறு அடுப்புக்கு ஆச்சு.

ஒரு வீட்டுக் கதையை வச்சு முடிவு சொல்லாதேம்பீங்க. சரி, ஹைதராபாத் பக்கம் பட்டாஞ்செருவுல இருக்கற இக்ரிசாட்ங்கற பயிர் ஆராய்ச்சி நிலையத்துல ராவ், வில்லின்னு ரெண்டு விஞ்ஞானிகள் சோளம் துவரை சேர்த்துப் போட்ட 94 சோதனைகளை எடுத்து 1980-ல ஒரு கட்டுரை போட்டாங்க. குறிப்பிட்ட ஒரு அளவுக்குக் கீழ போனா பொய்த்துப்போன வருஷம்னு வச்சுப் பாத்தா, தனித் துவரை அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை பொய்க்கும், தனிச் சோளம் எட்டு வருஷத்துக்கு ஒரு தடவை, சேர்த்துப் போட்டா 36 வருஷத்துக்கு ஒரு தடவைதான். இதை முதல் தடவை படிச்சப்போ எனக்கு அழுகையே வந்துடுச்சு. அம்மாகிட்ட சொன்னேன், "அதான் தெரியுமே"ன்னு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டாங்க.

கேள்விக்கு சம்பந்தமில்லாம ஒண்ணு, மன்னிச்சுக்கோங்க. இவ்வளவும் தெரிஞ்ச எங்கம்மா அரசாங்கக் கணக்குல விவசாயியே இல்ல. பட்டா இன்னும் தாத்தா பேர்ல இருக்கு, அப்பா போய் வருஷமாச்சு, பங்காளிங்க கையெழுத்து போட மாட்டேங்கறாங்க. 2019-லேர்ந்து வருஷத்துக்கு 6000 ரூபா விவசாயிங்க கணக்குல விழுதே, அது அம்மாவுக்கு ஒரு தவணை கூட வந்ததில்ல. எந்த ஆபீஸ்க்குப் போனாலும் "நிலம் யார் பேர்ல"ங்கறதுதான் முதல் கேள்வி. யார் விதைக்கறாங்கன்னு ஒருத்தரும் கேக்கலை. உங்க வீட்டுல நிலத்துல இறங்கி வேலை செய்யற பொம்பளைங்க இருந்தா முதல்ல அவங்க பேர்ல பட்டா மாத்துங்க.

எல்லாருக்கும் இது ஒத்துவராது. தண்ணி வசதி இருந்து, ஆள் கிடைக்காம, மெஷின் அறுவடைதான்னா வரிசை கலந்து போடாதீங்க, அறுக்க முடியாம தவிப்பீங்க. டெல்டாவா இருந்தா நெல் அறுக்கறதுக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடி ஈரத்துலயே உளுந்து தெளிக்கறது அங்க வழக்கமா இருக்கு, அது போதும். மானாவாரின்னா தயங்காதீங்க, ஆனா களைக்கொல்லியில ஜாக்கிரதை. சோளத்துக்கும் மக்காச்சோளத்துக்கும் அடிக்கற அட்ரசின் ஊடுபயிரா போட்ட பயறைக் கொன்னுடும், 2,4-டியும் அப்படித்தான். அதுங்களோட பயறைக் கலந்து போட்டிருந்தா பெண்டிமெத்தலின், அதுவும் விதைச்ச மூணு நாளைக்குள்ள மண்ணு ஈரமா இருக்கறப்போ. கடைக்காரர்கிட்ட சோளத்துக்குன்னு மட்டும் சொல்லி மருந்து வாங்காதீங்க, உள்ள பயறு இருக்குன்னு சொல்லிக் கேளுங்க.