12 மீட்டர்தானேன்னு குளிர் தண்ணியில இறங்கிடாதீங்க

ஒரு வாசகர் கேட்டிருக்காரு: ஸ்கூபா டைவிங்ல முதல்ல வாங்குற ஓப்பன் வாட்டர் கார்டு இருக்கு, 14 டைவ் போயிருக்கேன், எல்லாம் 28 டிகிரி தண்ணியில. இப்போ கடலோரத்துல 12 மீட்டர் ஆழத்துல மூழ்கிக் கிடக்குற கப்பலுக்கு புக் பண்ணியிருக்கேன், தண்ணி 9 டிகிரியாம். புக் பண்ணிக் குடுத்தவரு "ஆழம் கம்மி, புதுசா கத்துக்கிட்டவங்களே போறாங்க, உள்ள போய் போட்டோ எடுத்துட்டு வரலாம்"ங்கறாரு. போலாமா?

வெளிய சுத்திப் பாக்கலாம், ஆனா இந்த தடவை வேணாம். உள்ள போகவே போகாதீங்க.

உங்க கார்டு 18 மீட்டர் வரைக்கும் போகலாம்னு சொல்லுது, தண்ணி எவ்ளோ குளிரா இருக்கலாம்னு அதுல ஒரு வரி கிடையாது. வெதுவெதுப்பான தண்ணியில நாலு நாள் பழகி வாங்குன கார்டு ஆயுசுக்கும் எந்தக் கடலுக்கும் செல்லும்னு எடுத்துக்கறது என்ன முறைன்னு எனக்கு இன்னிக்கும் புரியல, இத்தனை வருஷமா சொல்லிட்டே இருக்கோம், யாரும் மாத்தல.

தண்ணி காத்தை விட சுமார் 25 மடங்கு வேகமா உடம்புச் சூட்டை இழுக்கும். உடம்புலயும் முகத்துலயும் 9 டிகிரி தண்ணி பட்டதும் மூச்சு தானா வாங்கும், ரெண்டு மூணு நிமிஷத்துல அடங்கும், அது அடங்குற வரைக்கும் மேலயே கயிறைப் பிடிச்சுக்கிட்டு இருங்க. ஏன்னா 12 லிட்டர் சிலிண்டர்ல 200 பார் அழுத்தத்துல காத்து, 50 பார் மிச்சம் வெச்சா கையில 1800 லிட்டர். மேல நிமிஷத்துக்கு 20 லிட்டர் இழுக்குறவரு 12 மீட்டர்ல தண்ணி அழுத்தத்தால 44 லிட்டர் இழுப்பாரு, அப்போ 40 நிமிஷம் வரும். குளிர்லயும் பயத்துலயும் மூச்சு ரெண்டு மடங்கானா 20 நிமிஷம்தான்.

சிலிண்டர் காத்தை வாய்க்குக் கொண்டு வர்ற ரெகுலேட்டர் எந்த மாடல்னு கேளுங்க. ஐரோப்பிய இஎன் 250 ஸ்டாண்டர்டுல சில மாடல் 10 டிகிரிக்கு மேல உள்ள தண்ணிக்கு மட்டும்தான், அது அதுமேலயே போட்டிருக்கும். காத்து விரியும்போது உள்ள இன்னும் குளிரும், ஐஸ் கட்டி வால்வு திறந்தபடியே நின்னுடும். என் பக்கத்துல ஒருத்தருக்கு அப்படி ஆச்சு. போட்ல நின்னு காத்தைத் திறந்து விடுற பர்ஜ் பட்டனை அழுத்தி அழுத்திப் பாத்துட்டு இறங்குனாரு, ஆறு மீட்டர்ல வாய்கிட்ட காத்து கொட்ட ஆரம்பிச்சுது, கேஜ் முள்ளு கண்ணு முன்னாடியே இறங்குது. என் ஸ்பேர் ரெகுலேட்டரைக் குடுத்து மெதுவா மேல கூட்டிட்டு வந்தேன்.

அப்புறம் இந்த ஏஜென்ட்டுங்க. தண்ணியில இறங்காத ஆளு "ஈஸி"ன்னு சொன்னா நம்பாதீங்க. நேரா போட்காரங்ககிட்ட பேசி, அலை இருந்தா கேன்சல் பண்ணுவீங்களா, பணம் திரும்ப வருமான்னு முதல்ல கேளுங்க, பணம் போயிடுமேன்னு இறங்குறவங்கதான் மாட்டிக்கிறாங்க. ஆழம் கம்மியான இடத்துல அலை அடி வரைக்கும் தள்ளும், துருப்பிடிச்ச தகடுல கொண்டுபோய் இடிக்கும். "டிரைசூட் (உள்ள தண்ணி புகாத, காத்து நிரப்புற சூட்) தர்றோம், போட்லயே சொல்லித் தர்றோம்"னாலும் வேணாம்னு சொல்லுங்க, அதுல காத்து காலுக்கு ஏறுச்சுன்னா தலைகீழா மேல இழுத்துட்டுப் போயிடும்.

உள்ள போறதுல ஒரே ஒரு விலக்கு இருக்கு, அதையும் சரியாப் புரிஞ்சுக்கோங்க. மேல்தளம் முழுசா விழுந்து, அண்ணாந்து பாத்தா தடையில்லாம வெளிச்சம் தெரியற கப்பல்னா அதோட நடுவுல நீந்துறது உள்ள போறது ஆகாது. ஆனா தலைக்கு மேல ஒரே ஒரு தகடு இருந்தாலும் அது உள்ளதான். ரெண்டு பக்கமும் திறந்திருக்கு, அந்தப் பக்க வெளிச்சம் தெரியுதுன்னாலும் உள்ளதான், உங்க மூச்சுக் குமிழி கூரையில பட்டு துரு உதிர்ந்தா அந்த வெளிச்சம் மறைஞ்சுடும். பழைய மீன்வலை தொங்குதுன்னா கூரையே இல்லாத இடமும் வேணாம்.

தேதியைத் தள்ளிப் போடுங்க. அதே குளிர்ல, அலை இல்லாத இடத்துல, அங்க போடப் போற அதே 7 மில்லிமீட்டர் ரப்பர் சூட், ஹுட், கிளவுஸோட, விவரம் தெரிஞ்ச இன்ஸ்ட்ரக்டர் கூட ரெண்டு மூணு டைவ் போங்க. சூட் ஆழத்துல அமுங்கி மெலிசாகும், மேல வரவர உப்பி உங்களைத் தூக்கும், கடைசி அஞ்சு மீட்டர்லதான் ரொம்ப, அதனால இடுப்புல கட்டுற வெயிட்டை அந்த ஆழத்துலயே சரி பாத்துக்கோங்க. முக்கியமா கிளவுஸ் போட்ட கையால, குனிஞ்சு பாக்காம, வெயிட் பெல்ட் பக்கிளைக் கழட்ட முடியுதான்னு கரையிலயே பத்து தடவை செஞ்சு பாருங்க, டைவ் முடிஞ்சு விரல் மரத்துப் போயிருக்கும்போது கரையில இன்னொரு தடவை.