டீசல் கசிவது ஓரிடம், சொட்டுவது வேறிடம்

கேள்வி: என்னிடம் 2004 மாடல் இண்டிகா டீசல் கார் இருக்கிறது. கொஞ்ச நாளாகப் பக்கத்தில் போனாலே டீசல் வாடை அடிக்கிறது, இன்ஜின் மேலே ஈரமாகவும் இருக்கிறது. காலையில் மட்டும் நாலைந்து தடவை செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது. ஒருமுறை ஓடிவிட்டால் அப்புறம் தொல்லை இல்லை. மெக்கானிக் டீசல் பம்ப்பை இறக்கிப் பார்க்க வேண்டும் என்கிறார். சின்னக் கசிவுதானே, அப்படியே ஓட்டலாமா?

பதில்: அப்படியே ஓட்ட வேண்டாம். அதற்காக உடனே பம்ப்பை இறக்கவும் வேண்டாம். உங்கள் வண்டியின் அறிகுறிகளைப் பார்த்தால், சில நூறு ரூபாயில் முடிகிற வேலையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

முதலில் கசிவு எங்கே என்று பிடிக்க வேண்டும். டீசல் தண்ணீர்போலச் சட்டென்று உலராது. மேலே ஓர் இடத்தில் கசிந்து, பைப்பைப் பிடித்துக்கொண்டே இறங்கி, ஒரு முழம் தள்ளித்தான் சொட்டும். சொட்டுகிற இடத்தில் இருக்கிற நட்டை இறுக்குவதில் பயனில்லை. இன்ஜின் ஆறியிருக்கும்போது அழுக்கையெல்லாம் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். பிறகு சந்தேகப்படும் இணைப்புகள் மேல் முகத்துக்குப் போடும் பவுடரை லேசாகத் தூவி, ஐந்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு அணையுங்கள். வெள்ளைப் பவுடரில் முதலில் கறுக்கிற புள்ளிதான் கசிவின் வாய். ஃபேனும் பெல்ட்டும் இருக்கிற பக்கம் இதைச் செய்யாதீர்கள்.

முதலில் பார்க்க வேண்டியது ரிட்டர்ன் ஹோஸ். இன்ஜினுக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர்களில் மிஞ்சுகிற டீசலைத் திருப்பி அனுப்பும் மெல்லிய ரப்பர் குழாய்கள் அவை. மேலே நூல் பின்னியிருக்கும். இருபது வருடம் இன்ஜின் சூட்டில் கிடந்தால் ரப்பர் வெந்து முறுக்குபோல ஆகிவிடும். விரலால் வளைத்துப் பாருங்கள், விரிசல் தெரிந்தால் ஒரு துண்டை மட்டும் மாற்றாமல் எல்லாத் துண்டுகளையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். பழைய துண்டைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய், டீசலுக்கென்றே வரும் ஹோஸாகக் கேட்டு வாங்குங்கள். மீன்தொட்டிக்குப் போடும் பிளாஸ்டிக் டியூபை மாட்டிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். சில வாரத்திலேயே கல்லாக இறுகி, பழையபடி ஒழுகியது.

காலை ஸ்டார்ட்டிங் கதை கொஞ்சம் வேறு. டேங்கிலிருந்து பம்ப் வரை டீசலை உறிஞ்சித்தான் எடுக்கிறது. அந்தப் பாதையில் ஓட்டை இருந்தால் ஓடும்போது டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். இரவெல்லாம் நிற்கும்போது லைனில் இருக்கிற டீசல் மெதுவாக டேங்குக்கே இறங்கிவிடும். காலையில் செல்ஃப் அடித்து அடித்து அதைத் திரும்ப மேலே இழுக்கிறீர்கள். டேங்க் நிறைய இருக்கும் நாளில் தொல்லை குறைகிறதா என்று கவனியுங்கள். குறைந்தால் காற்று பிடிக்கிறது என்று கிட்டத்தட்ட முடிவு செய்துவிடலாம். உறுதிப்படுத்த, ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவே உள்ளே ஓடுவது தெரிகிற ஓர் அடி பிளாஸ்டிக் டியூபைத் தற்காலிகமாக மாட்டிப் பாருங்கள். குமிழி ஓடினால் தெரிந்துவிடும். ஃபில்டர் மாற்றும்போது சரியாக உட்காராத ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம், கீழே தண்ணீர் வடிக்கும் திருகு, டீசலை மேலே ஏற்றக் கையால் அமுக்கும் பிரைமர், தளர்ந்த கிளிப் ஆகியவற்றை இந்த வரிசையில் பாருங்கள். டீசல் பைப்பைப் பிடித்திருக்கும், நடுவே துளையுள்ள பேஞ்சோ போல்ட்டைக் கழற்றினால் செம்பு வாஷரைப் புதிதாகப் போடுங்கள். பழையதையே திருப்பிப் போட்டு இறுக்குவதில்தான் பாதிக் கசிவு பிறக்கிறது.

பம்ப்பிலிருந்து இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புப் பைப்பில் மட்டும் விளையாட வேண்டாம். பழைய இன்ஜினிலும் அங்கே அழுத்தம் 100 பாருக்கு மேல் போகும். வண்டி ஓடும்போது அங்கே விரல் வைத்துத் தடவிப் பார்க்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்தியதுபோலத்தான் இருக்கும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலையே எடுக்கும்படி ஆகலாம். சந்தேகம் இருந்தால் நீளமான அட்டையைத் தள்ளி நின்று காட்டிப் பாருங்கள், ஈரம் படியும். நட் தளர்ந்திருந்தால் இன்ஜினை அணைத்துவிட்டு அளவாக இறுக்கலாம். பைப்பிலேயே விரிசல் என்றால் புதுப் பைப்தான். பற்றவைப்பதும் எம்-சீல் பூசுவதும் அங்கே நிற்காது.

அலட்சியம் ஏன் கூடாது என்றால், டீசல் பட்ட ரப்பர் ஊறிப் பொதபொதவென்று ஆகும். ரேடியேட்டர் ஹோஸ், இன்ஜின் மவுண்ட், பெல்ட் எல்லாம் ரப்பர்தான். புகை வெளியேறும் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் பீச்சினால் தீப்பிடிக்கவும் செய்யும். ரோட்டில் சொட்டினால், பின்னால் பைக்கில் வருபவர் வழுக்கி விழுவார்.

இவ்வளவும் பார்த்த பிறகும் பம்ப்பின் உடம்பிலிருந்தே ஊறுகிறது என்றால், உங்கள் மெக்கானிக் சொன்னது சரி. 2020 ஏப்ரலிலிருந்து நாடு முழுக்க வரும் பிஎஸ்-6 (புகை மாசுக் கட்டுப்பாட்டுத் தரம்) டீசலில் கந்தகம் 10 பிபிஎம்தான், அதாவது பத்து லட்சத்தில் பத்துப் பங்கு. கந்தகத்தைக் குறைக்கும் சுத்திகரிப்பில் டீசலின் மற்றச் சேர்மானங்களும் மாறுவதால், பம்ப்பில் இருக்கும் பழைய நைட்ரைல் ரப்பர் சீல்கள் சுருங்கிக் கசிவது உண்டு. பம்ப் கடையில் விட்டான் என்ற வேறு வகை ரப்பர் சீல் கிடைக்குமா என்று கேளுங்கள். இறக்குவதற்கு முன்னால் பம்ப்பை போல்ட் போட்டு மாட்டும் விளிம்பான ஃபிளேஞ்சிலும் அது உட்காரும் இடத்திலும் சேர்த்து ஒரு கோடு கீறி வைக்கச் சொல்லுங்கள். திரும்ப மாட்டும்போது அந்தக் கோடு சேரவில்லை என்றால் டீசல் பீச்சும் டைமிங் மாறி வண்டி புகை கக்கும்.