பெர்மிட் அவர் பெயரில், கடன் உங்கள் பெயரில்

கேள்வி: பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன், ஐயா. வயது 39. பிறையில் ஒரு கம்பெனியில் 11 வருடமாக டிரெய்லர் ஓட்டுகிறேன். அடிப்படைச் சம்பளமும் டிரிப் காசும் சேர்ந்து மாதம் 3,800 வெள்ளி வரும். போன வாரம் முதலாளி கூப்பிட்டு, "சம்பளத்துக்கு ஓட்டியது போதும், ப்ரைம் மூவரை (டிரெய்லரை இழுக்கும் முன்வண்டியை) நீயே வாங்கிக்கொள்" என்றார். மாதம் 2,400 வெள்ளி வீதம் 48 மாதம் கட்ட வேண்டும். சரக்கு ஏற்றும் பெர்மிட் அவருடையது, அதற்கு மாதம் 500. போர்ட் கிள்ளான் போய்வந்தால் 1,900 தருவார். டீசல், டோல், டயர் என் பாடு. "அமெரிக்காவில் 1980-லேயே பெர்மிட்டைத் திறந்துவிட்டார்கள், டிரைவர் எல்லாம் முதலாளி ஆனார்கள், இங்கேயும் அதுதான் வரப்போகிறது, விடாதே" என்கிறார் என் மைத்துனர். வாங்கலாமா?

பதில்: தம்பி, உங்கள் மைத்துனர் கதையைப் பாதி வரை சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். மீதிப் பாதியில்தான் டிரைவர் வருகிறார்.

அமெரிக்காவில் 1935-ல் வந்த சட்டம் லோரித் தொழிலுக்குப் பூட்டுப் போட்டது. எந்தச் சரக்கை எந்த வழியில் ஏற்றலாம் என்பதுவரை ஓர் ஆணையம் உரிமத்தில் எழுதிக் கொடுத்தது. புதிதாக வருபவரை ஏற்கெனவே ஓட்டுபவர்கள் ஆட்சேபிக்கலாம். கட்டணத்தையும் அவர்களே கூடிப் பேசி வைத்துக்கொள்வார்கள். போகும்போது சரக்கு, திரும்பும்போது காலி வண்டி என்பது அங்கே சாதாரணம். பதப்படுத்தாத விவசாயப் பொருளுக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடு இல்லை. அப்படியானால் இறகு பறித்து உறைய வைத்த கோழி விவசாயப் பொருளா, தொழிற்சாலைப் பொருளா? வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1956-ல் அதுவும் விவசாயப் பொருள்தான் என்று தீர்ப்பானது. கோழி ஏற்றும் கட்டணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. வண்டியும் ரோடும் பழையவைதான். பூட்டு மட்டும்தான் போயிருந்தது.

அந்தக் கோழிக் கணக்குதான் 1980-ல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தில் பெரிதாக நடந்தது. சுமார் 18,000-ஆக இருந்த உரிமக் கம்பெனிகள் பத்தே ஆண்டில் 40,000-ஐத் தாண்டின. 1977-க்கும் 1982-க்கும் இடையில், விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், முழு வண்டிச் சரக்குக் கட்டணம் கால்வாசி இறங்கியது. கடைக்காரருக்கும் தொழிற்சாலைக்கும் லாபம், சாமான் வாங்கிய குடும்பத்துக்கும் லாபம். பெரும் பணம் போட்டு உரிமம் வாங்கி வைத்திருந்த கம்பெனிகளுக்கு அது வெறும் காகிதமானது. இதில் எனக்கு வருத்தமில்லை. பூட்டை வாடகைக்கு விட்டுச் சம்பாதித்த காசு அது.

ஆனால் அந்தக் கால்வாசி எங்கிருந்தோ வர வேண்டுமல்லவா? காலி வண்டி குறைந்ததில் கொஞ்சம் வந்தது. மீதி டிரைவரின் சம்பளத்திலிருந்தும் தூக்கத்திலிருந்தும் வந்தது. 1964-ல் லோரிக்காரர் சங்கத் தலைவர் ஜிம்மி ஹோஃபா நாடு முழுக்கச் செய்து முடித்த ஒரே கூலி ஒப்பந்தத்துக்குள் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். சங்கம் இல்லாத புதுக் கம்பெனிகள் வந்ததும் அது கரைந்தது. முழு வண்டிச் சரக்கில் ஓடிய மைலுக்குத்தான் காசு. கிட்டங்கி வாசலில் காத்துக் கிடந்த ஐந்து மணி நேரத்துக்கு ஒன்றுமில்லை. பிறை போர்ட்டில் கியூ பிடிக்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பெரிய கம்பெனிகளில் ஒரு வருடத்தில் வேலையை விட்டவர்களின் கணக்கு 90 விழுக்காட்டைத் தாண்டிய ஆண்டுகள் பல. 1997-ல் ஜே. பி. ஹண்ட் என்ற கம்பெனி சம்பளத்தை மூன்றில் ஒரு பங்கு ஏற்றியபோது ஆள் போவதும் குறைந்தது, விபத்தும் குறைந்தது. ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லும் முதலாளிகளுக்கு இதை நினைவூட்டுவது என் வழக்கம்.

உங்கள் முதலாளி சொல்லும் திட்டமும் அங்கே இருப்பதுதான். லோரியைத் தவணைக்குக் கொடுத்து அதே கம்பெனிக்கே ஓட வைப்பார்கள். டிரிப்பை ஒதுக்குவதும் தவணை பிடிப்பதும் ஒரே கைதான். டிரிப் குறைந்தால் தவணை நிற்கும், தவணை நின்றால் வண்டி போகும். அமெரிக்க அரசே அமைத்த குழு இதை ஆராய்ந்து, இந்த ஏற்பாட்டையே தடை செய்ய வேண்டும் என்று 2025 ஜனவரியில் பரிந்துரைத்தது.

இனி நம் ஊர். கூலிக்குப் பிறர் சரக்கை ஏற்ற ஏ பெர்மிட், சொந்தச் சரக்குக்கு சி பெர்மிட். தீபகற்பத்தில் கொடுப்பது அபாட் என்ற தரைப் போக்குவரத்து முகமை. பெர்மிட்டை இன்னொருவருக்குக் கைமாற்றக் கூடாது. ஆனாலும் "பஜாக்" (குத்தகை) என்ற பெயரில் வாடகைக்கு விடுவது ஊரறிந்த ரகசியமாக இருந்து வந்தது. 2025 மே 13-ஆம் தேதி தெலுக் இந்தானில் கல் ஏற்றிய லோரி மோதி, கலகத் தடுப்புப் போலீஸ் படையினர் 9 பேர் இறந்தார்கள். அதன் பிறகு இந்தக் குத்தகையை ஒழிக்கப் போவதாகப் போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் சொன்னார். ஆக, நீங்கள் மாதம் 500 கொடுத்து வாங்கப் போவது அரசு ஒழிக்க நினைக்கும் ஒரு பொருளை. நாளைக்கு அந்த பெர்மிட்டை ரத்து செய்தால் வண்டி நிற்கும், தவணை நிற்காது. மைத்துனர் சொல்வதுபோல் பெர்மிட்டைத் திறந்தேவிட்டாலும் உங்கள் 500 மிச்சமாகலாம், 1,900 அப்படியே நிற்காது. கோழியை மறந்துவிடாதீர்கள்.

டீசல் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பட்டர்வொர்த் – போர்ட் கிள்ளான் போய்வர ஏறத்தாழ 760 கிலோமீட்டர். சுமையோடு லிட்டருக்கு 2 கிலோமீட்டர் என்றால் 380 லிட்டர். 2024 ஜூன் 10-ல் தீபகற்பத்தில் டீசல் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 ஆனது. மானிய டீசலுக்கான ஃபிளீட் கார்டு உள்ள சரக்கு வண்டிக்கு மட்டும் 2.15 தொடர்ந்தது. கார்டு இருந்தால் டிரிப்புக்கு 817 வெள்ளி, அன்றைய முழு விலையில் 1,273. மாதம் 12 டிரிப் என்றால் வரவு 22,800. தவணை, பெர்மிட் வாடகை, டீசல் மூன்றையும் கழித்தால் கார்டோடு 10,096 நிற்கும், கார்டு இல்லாமல் 4,624. இன்னும் டோல் இருக்கிறது, இன்சூரன்ஸ் இருக்கிறது, புஸ்பாகோம் சோதனை இருக்கிறது. ப்ரைம் மூவருக்கு மட்டும் 10 டயர். கியர்பாக்ஸ் ஒரு தடவை கழன்றால் இரண்டு மாதம் காலி. அந்த கார்டு கம்பெனி பெயரில்தான் வரும். நீங்கள் ஏற்றும் டீசலுக்கு மலிவு விலை கிடைக்குமா, அந்த மலிவு அவர் கணக்கில் போய் விழுமா? முதலாளியிடம் முதலில் இதைக் கேளுங்கள்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி, பதிலும் ஒன்றுதான்: இந்த உருவத்தில் வேண்டாம். சொந்த லோரி ஆசை தப்பில்லை. வண்டியின் கிராண்ட் (பதிவுப் பத்திரம்) உங்கள் பெயரில், ஏ பெர்மிட் உங்கள் பெயரில் அல்லது நீங்கள் பங்குதாரராக இருக்கும் கம்பெனியின் பெயரில், கடன் பேங்கில், சரக்கு கொடுக்க குறைந்தது இரண்டு வாடிக்கையாளர். இவ்வளவும் கூடி வந்தால் எழுதுங்கள், வேறு விதமாகப் பேசலாம்.

இன்னொன்று. வண்டியை வாங்கினால் முதலில் ராஜினாமா கடிதம் கேட்பார். அதோடு மாதம் ஏறக்குறைய 500 வெள்ளி வரும் முதலாளி பங்கு ஈபிஎஃப்பும் சொக்சோவும் நிற்கும். ஐந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவரைக் கம்பெனி ஆட்குறைப்பில் நிறுத்தினால், 1980-ஆம் ஆண்டு விதிப்படி வருடத்துக்கு 20 நாள் சம்பளம் தர வேண்டும். உங்கள் 11 வருடத்துக்கு 220 நாள், ஏறத்தாழ 27,000 வெள்ளி. நீங்களாக எழுதிக் கொடுத்த கடிதத்துக்கு அதில் ஒரு காசும் வராது. எந்தக் காகிதத்தை நீட்டினாலும் அந்த இடத்திலேயே கையெழுத்துப் போடாமல், ஒரு நகலை வீட்டுக்கு வாங்கி வந்து, தொழிலாளர் இலாகாவில் காட்டிவிட்டுப் பேசுங்கள்.