கையேட்டில் தலைப்பு வைப்பது எப்படி? கேள்விகளும் பதில்களும்

இன்வெர்ட்டர், கீசர் கையேடுகள் எழுதுவது என் தொழில். தலைப்புகள் பற்றித் தென்னாப்பிரிக்காவில் நம் டர்பன் பக்கத்து ஆட்கள் கேட்டவற்றுக்குப் பதில்கள் கீழே. கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்.

சாட்ஸ்வர்த்: "கட்டுப்பாட்டுப் பலகை" என்று தலைப்பு வைத்தேன், போதாதா?

போதாது. லோட் ஷெடிங் மின்வெட்டில் வீடு இருட்டாகி இன்வெர்ட்டர் கத்திக்கொண்டிருக்கும்போது கையேட்டைப் புரட்டுகிறவர் பலகையையா தேடுவார், சத்தத்தை நிறுத்த வழிதான் தேடுவார். "பீப் சத்தம் வந்தால்", "கரண்ட் வந்தும் பேட்டரி ஏறாவிட்டால்" என்று அவர் வாயில் வருகிற சொல்லிலேயே வையுங்கள். அப்புறம் தலைப்புகளை மட்டும் தனித்தாளில் எழுதி, கருவியைப் பார்த்தே இராத ஒருவரிடம் கொடுத்து, "பேட்டரி சூடாகிறது, எந்தத் தலைப்புக்குப் போவீர்கள்?" என்று கேளுங்கள். தயங்கினால் தலைப்பை மாற்றுங்கள்.

ஃபீனிக்ஸ்: பாதுகாப்புக் குறிப்புகளுக்கு மேலே போடுகிற அபாயம், எச்சரிக்கை, கவனம் மூன்றும் ஒன்றுதானே அண்ணா?

இல்லை தம்பி. அமெரிக்கத் தரமான ஏஎன்எஸ்ஐ இசட்535.6 இவற்றைப் படிப்படியாகப் பிரிக்கிறது. தவிர்க்காவிட்டால் மரணமோ பலத்த காயமோ நேர்ந்தே தீரும் என்றால் அபாயம். நேரக்கூடும் என்றால் எச்சரிக்கை. சிறு காயமோ நடுத்தரக் காயமோ ஏற்படலாம் என்றால் கவனம். பொருள் மட்டும் கெடும் என்றால் அறிவிப்பு. பாதுகாப்பு விஷயத்தை மட்டும் "பொது" என்ற தலைப்புக்குள் ஒளிக்காதீர்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: எல்லாவற்றுக்கும் "அபாயம்" போட்டால் ஜாக்கிரதையாக இருப்பார்களே?

இருக்க மாட்டார்கள். ஈரத்துணியால் துடைக்காதே என்பதற்கும் அபாயம், 230 வோல்ட் கம்பியைத் தொடாதே என்பதற்கும் அபாயம் என்றால் இரண்டையும் ஒரே வேகத்தில் தாண்டிப் போவார்கள்.

அதே நபர்: கம்பெனி வக்கீல் அப்படித்தான் கேட்கிறார்.

வக்கீலிடம் தென்னாப்பிரிக்காவின் 2008-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 22-வது பிரிவைக் காட்டுங்கள். சட்டப்படி தர வேண்டிய ஆவணம் சராசரிப் படிப்பும் குறைந்த அனுபவமும் உள்ளவருக்குச் சிரமமில்லாமல் புரிய வேண்டும் என்கிறது, அதை எடைபோடும்போது பார்க்க வேண்டியவற்றில் தலைப்புகளையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. பயமுறுத்தும் சொல்லைக் கூட்டுவதால் புரிதல் அதிகமாகிவிடாது. உயிர் போகிற இடத்துக்கென்று ஒரு சொல்லை மிச்சம் வையுங்கள், அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

டோங்காட்: "அறிமுகம்" வேண்டுமா?

இதையே பலர் கேட்டுவிட்டீர்கள். வேண்டாம்.

வெருலம்: "இதர தகவல்கள்"?

அதுவும் "பொது"தான். மேலே சொல்லிவிட்டேன், பாதுகாப்பை அங்கே வைக்காதீர்கள்.

ஐசிபிங்கோ: என் கீசர் அடிக்கடி ட்ரிப் ஆகிறது, எந்தத் தலைப்பில் பார்ப்பது?

கையேட்டை மூடிவிட்டுப் பதிவுபெற்ற எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள் அம்மா. அவர் வரும்வரை மெயின் போர்டில் கீசர் சுவிட்சை அணைத்தே வையுங்கள்.