இன்ஜினியரிங் வேண்டாம், மியூசிக் போதும் என்கிற மகன்: ஒரு தாய்க்குப் பதில்

வணக்கம் அம்மா.

பிளஸ் டூ படிக்கிற மகன் தலைமைப் பண்பு பற்றிய புத்தகங்களும் இசைக்கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளுமாகவே படித்துக்கொண்டிருக்கிறான், இப்போது இன்ஜினியரிங்கே வேண்டாம் என்கிறான், அந்தப் புத்தகங்களை எடுத்து ஒளித்து வைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அந்த வயதில் தானாகப் புத்தகம் எடுக்கிற பிள்ளைகள் குறைவு. அவன் எந்தப் பக்கங்களைத் தாண்டிப் போகிறான் என்று மட்டும் பாருங்கள்.

இப்படிப்பட்ட புத்தகங்களில் தொடக்கத்தில் கஷ்டம் வரும், முடிவில் விருது வரும். இரண்டும் சுவையாக இருக்கும். நடுவில் சோறு போட்ட வேலை எது, சொல்லிக்கொடுத்தவர் யார் என்று வரும் பக்கங்கள் சலிப்பாக இருக்கும். உங்கள் மகனுக்கு வேண்டியது அந்தச் சலிப்பான பக்கங்கள்தான்.

இளையராஜாவை எடுத்துக்கொள்ளுங்கள். பண்ணைப்புரத்துப் பையன் அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகப் போய் வாசித்தார். சென்னைக்கு வந்தபிறகு தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை முறையாகக் கற்றார். ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தபோது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. பரீட்சைக்குப் பயந்து இசைக்கு ஓடுகிறானோ என்ற சந்தேகம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிட்டார் தேர்வை இளையராஜாவும் எழுதித் தேறினார் என்று அவனிடம் சொல்லுங்கள்.

‘ரஹ்மான் ஸ்கூலையே முடிக்கலையே’ என்பான். எல்லாப் பிள்ளைகளும் சொல்வதுதான். ஒன்பது வயதில் அப்பா போய்விட்டார். அப்பாவின் இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் வீடு நடந்தது. படிப்பு நின்றதற்குக் காரணம் குடும்பத்துக்குச் சம்பளம் தேவைப்பட்டது. பிறகு மற்றவர்களின் பாடல்களுக்குக் கீபோர்டு, அப்புறம் விளம்பர ஜிங்கிள்கள். அதற்கெல்லாம் பிறகுதான் 1992இல் ‘ரோஜா’.

தலைமை பற்றிய புத்தகங்களில் பாதி, எனக்குப் பிடிக்காதவை. கீழே வேலை பார்க்காமலே மேலே போய்விடலாம் என்று நினைக்க வைக்கின்றன. கலாமின் ‘அக்னிச் சிறகுகள்’ அப்படியல்ல. 1979 ஆகஸ்டில் அவர் திட்ட இயக்குநராக இருந்து ஏவிய எஸ்.எல்.வி-3 வங்கக் கடலில் விழுந்தது. பத்திரிகையாளர்களுக்குப் பதில் சொன்னவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலையில் ராக்கெட் வெற்றி பெற்றபோது அவர் கலாமைப் பேச அனுப்பினார். பையன்கள் இதில் தவானை மெச்சுவார்கள். நான் கலாமைப் பார்க்கச் சொல்வேன்: அந்த இடத்துக்கு வருவதற்கு முன்னால் எத்தனை வருடம் இன்னொருவருக்குக் கீழே இருந்து கற்றுக்கொண்டார்! அவர் வீணை வாசிப்பவர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வேலையையும் இசையையும் கூடவே வைத்துக்கொண்டவர்களும் உண்டு.

இன்னொரு புத்தகமும் வாங்கிக் கொடுங்கள்: டி.எம். கிருஷ்ணா 2020இல் எழுதிய ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’. மிருதங்கம் செய்பவர்களின் கதை. பாலக்காடு மணி ஐயரின் கையில் பேசிய அந்த நாதத்துக்குப் பின்னால் தோல் தேடி, வார் பிடித்து உழைத்த பர்லாந்து போன்றவர்களைப் பற்றிப் படித்தால், இசையில் வேலை என்றால் மேடை மட்டும்தான் என்ற எண்ணம் போய்விடும். அந்த வேலைக்குக் கிடைத்த மரியாதை எவ்வளவு என்பதும் புரியும். அது சுகமான வாசிப்பாக இருக்காது.

இனி படிப்பு. தரமணியில் அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் ஒலிப்பதிவுப் படிப்பு இருக்கிறது. அரசு இசைக் கல்லூரியும், ரஹ்மான் 2008இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியும் சென்னையிலேயே உள்ளன. ஒலிப்பதிவுப் பக்கம் போனால் இயற்பியலும் கணக்கும் கைகொடுக்கும். அதனால் பிளஸ் டூவை நல்ல மதிப்பெண்ணோடு முடிப்பது எந்த வழிக்கும் வீண்போகாது. தனியார் நிறுவனம் எதற்காவது லட்சக்கணக்கில் பணம் கட்டும் முன், அங்கே படித்து முடித்தவர்கள் இப்போது எந்த ஸ்டுடியோவில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் வழவழவென்று வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

வீட்டிலும் ஒரு கணக்குப் பேசியாக வேண்டும். படிப்பு முடிந்து வருமானம் நிலைப்படும் வரை வாடகையையும் சாப்பாட்டையும் யார் பார்ப்பது, எத்தனை வருடம் வரை? இதை அப்பாவும் பையனும் எதிரெதிரே உட்கார்ந்து பேசட்டும். நீங்கள் நடுவில் தூது போக வேண்டாம்.

பொதுத்தேர்வு முடிந்ததும் அவனை அழைத்துக்கொண்டு வாருங்கள். தானே வாசித்துப் பதிவு செய்த இரண்டு மூன்று துண்டுகளை போனில் கொண்டுவரச் சொல்லுங்கள். சான்றிதழ் ஃபைல் அன்று தேவைப்படாது.